மூன்று தட்டுக்கு ஒரு தட்டு

சிட்னிக்கு மேற்கே பென்ரித்தைத் தாண்டி ஒரு பழைய செங்கல் சூளை வளாகத்தில் ஈஸ்வரமூர்த்தி காரை நிறுத்தியபோது காலை பத்து மணி. 1976 நவம்பர், வெள்ளிக்கிழமை. வெயில் அதற்குள் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. பேய் என்றால் நடுச்சாமத்தில், நாய் ஊளையிட, காற்று சீறத்தான் வரும் என்று நம்புகிறவர்களுக்கு இந்தக் கதை ஏமாற்றம் தரலாம். இது பட்டப்பகலில் நடந்தது. பக்கத்துக் கொட்டகையில் வானொலியில் கிரிக்கெட் வர்ணனை ஓடிக்கொண்டிருந்தது.

கொதிகலன்களைப் பரிசோதித்துச் சான்றிதழ் தருவது அவர் வேலை. சலவைக்கூடம், ஆஸ்பத்திரி, பிஸ்கட் தொழிற்சாலை என்று சிட்னியைச் சுற்றிவருவார். இன்றைக்கு வந்தது ரயில் பைத்தியங்களின் சங்கம் ஒன்றுக்கு. டாக்டரும் தபால்காரரும் பள்ளி வாத்தியாரும் சந்தா கட்டி, வாரக்கடைசியில் முகத்தில் கரி பூசிக்கொள்கிற ஊர் அது. குயின்ஸ்லாந்தில் கழித்துக் கட்டிய ஒரு நீராவி எஞ்சினை வாங்கி வந்து, சூளை வளாகத்துக்குள் அரை மைல் தண்டவாளமும் போட்டுவிட்டார்கள். மறுநாள் காலை குடும்பம் குடும்பமாக ஜனங்கள் ஏற வருகிறார்கள். ஈஸ்வரமூர்த்தி கையெழுத்துப் போட்டால்தான் எஞ்சினுக்கு நெருப்பு.

தேவராஜா கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், முப்பத்திரண்டு வயது. கொழும்பில் ரயில்வே பாய்லர் வேலை பார்த்துவிட்டு நாலு வருஷத்துக்கு முன் இங்கே வந்தவர். வீட்டில் மனைவி ரஞ்சினிக்கு ஒன்பதாம் மாதம்.

"வாங்கோ அண்ணை. வழி பிடிபட்டதோ?"

"ரெண்டு தடவை தப்பிப் போய்த்தான் வந்தேன். எங்க உங்க எஞ்சின் ராணி?"

"அங்கை நிக்கிறா. கோவத்தில நிக்கிறா. காலமை ஏழு மணிக்கு டியூப் ஒழுகத் தொடங்கீற்றுது. நெருப்பைக் கொட்டி, ஸ்டீமையும் விட்டாச்சு."

கொட்டகை மூலையைத் திரும்பியதும் ஈஸ்வரமூர்த்தியின் கால்கள் நின்றுவிட்டன.

"இது மெக்கார்தர் ஆச்சே" என்றார்.

"ஓம். அமெரிக்கன் ஆமிக்குச் செய்தது. நான் சொல்லேல்லையோ?"

சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வேறு ஆளை அனுப்பியிருப்பார்.

யுத்த காலத்தில் அமெரிக்காவில் ராணுவத்துக்காக அவசர அவசரமாகச் செய்த எஞ்சின்கள் அவை. குறுகலான தண்டவாளம் எங்கெல்லாம் இருந்ததோ அங்கெல்லாம் கப்பலில் போய் இறங்கின. இந்தியா, பர்மா, மலாயா, சயாம். கொஞ்சம் குயின்ஸ்லாந்துக்கும் வந்தன. நூற்றுக்கணக்கில் செய்தும் வரைபடம் ஒன்றுதான். ஒன்றின் கதவைக் கழற்றி இன்னொன்றில் மாட்டலாம். யுத்தம் முடிந்தபின் இந்தியாவில் நின்றுவிட்டவை சாதாரண பாசஞ்சரும் கூட்ஸும் இழுத்தன. இருபத்தாறு வயதில், வேலையாட்களை மேற்பார்வை பார்க்கும் சார்ஜ்மேனாக ஈஸ்வரமூர்த்தி அவற்றோடுதான் காலம் தள்ளினார்.

அவர் பார்க்காமலே கைப்பிடியைப் பிடித்தார். இடது காலை வைத்து ஏறினார். டிரைவர் நிற்கும் இடத்தில் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. எதிரே ஃபயர்பாக்ஸின் கதவு திறந்து கிடந்தது. கரி எரிகிற இரும்பு அறை அது, ஆள் முதுகை வளைத்துக்கொண்டு உட்காரலாம். நெருப்பைக் கொட்டி மூன்று மணி நேரமாகியும் உள்ளேயிருந்து அனல் வந்தது.

அப்போது உள்ளே தட்டும் சத்தம் கேட்டது.

டக். டக். டக்.

ஈஸ்வரமூர்த்தியின் கையில் பரிசோதனைச் சுத்தியல் இருந்தது. அவர் யோசிக்கவில்லை. கை தானாக உயர்ந்து கதவோரத் தகட்டில் ஒரு தட்டுத் தட்டியது.

டக்.

கீழே நின்ற தேவராஜா நிமிர்ந்து பார்த்தார். "ஆருக்கு அண்ணை தட்டினனியள்?"

"உள்ளே யார் வேலை செய்றாங்க?"

"ஒருத்தரும் இல்லை. எல்லாரும் தேத்தண்ணி குடிக்கப் போட்டினம்."

"இரும்பு ஆறுற சத்தமா இருக்கும்" என்றார் ஈஸ்வரமூர்த்தி.

இரும்பு ஆறும்போது சத்தம் வரும்தான். ஆனால் அது கணக்கு வைத்து மூன்று தட்டுத் தட்டிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காது. அவருக்கு அது தெரியும். பயப்பட வேண்டிய இடம் இது என்பதும் தெரியும். பயம் மட்டும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் கன்னம் மரத்துப் போகுமே, அப்படி அவருக்கு உள்ளே மரத்து இருபத்திரண்டு வருஷமாகிறது. அப்பா செத்தபோதுகூட அழவில்லை. கொள்ளி வைத்துவிட்டு வந்து இட்லி சாப்பிட்டார். மனைவி வேதவல்லி முதலில் சண்டை போட்டுப் பார்த்தாள், பிறகு விட்டுவிட்டாள். சிட்னி அலுவலகத்தில் மட்டும் அவருக்கு நிதானமானவர் என்று நல்ல பெயர்.

கதவு வழியே ஒரு வாடை வந்தது. ஈரச் சாக்கு சூட்டில் காய்கிற வாடை.

தமிழ்நாட்டில், தெற்கே ஒரு மீட்டர் கேஜ் ரயில் ஷெட். பேர் வேண்டாம். 1954, சித்திரை மாதம். இதே மாதிரி எஞ்சின், இதே மாதிரி டியூப் ஒழுகல். டியூப் என்பது ஃபயர்பாக்ஸின் புகையைக் கொதிகலன் வழியே கொண்டுபோகும் குழாய். நூற்றுக்கு மேல் இருக்கும், முனைகள் ஃபயர்பாக்ஸின் முன்சுவரில் வந்து முடியும். முனை தளர்ந்தால் உள்ளே ஆள் போய் அடித்து விரித்து இறுக்க வேண்டும். நெருப்பைக் கொட்டியபின் ஒரு நாள் ஆறவிட வேண்டும் என்பது சட்டம். அன்றைக்கு மாலை நாலு மணிக்கு ஒரு ஸ்பெஷல் வண்டி இருந்தது. பாய்லரில் கூலிவேலை பார்க்கும் கலாசி கிருஷ்ணசாமியைக் கூப்பிட்டு, "ஒண்ணும் ஆகாது, ஈரச் சாக்கைப் போத்திக்கிட்டு அரை மணியில முடிச்சிட்டு வா" என்று அனுப்பியவர் ஈஸ்வரமூர்த்தி.

ஷெட்டில் காது கிழிகிற இரைச்சல். உள்ளே இருக்கிறவன் தொண்டை கிழியக் கத்தினாலும் வெளியே கேட்காது. இரும்பில் தட்டினால் மட்டும்தான் வெளியே நிற்பவனின் கைக்குத் தெரியும். அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். உள்ளே இருப்பவன் அவ்வப்போது மூன்று தட்டு: நான் நன்றாக இருக்கிறேன். வெளியே நிற்பவன் ஒரு தட்டு: நான் இங்கேயே நிற்கிறேன், நீ வேலையைப் பார். உள்ளேயிருந்து நிறுத்தாமல் தட்டினால், இழுத்து வெளியே போடு.

ஈஸ்வரமூர்த்திதான் வெளியே நின்றார். வலது கையில் பென்சில், படியில் தூக்கி வைத்த காலின் தொடைமேல் அன்றைய வேலைத் தாள். இடது கையில் ஸ்பேனர். தட்டு வரும்போதெல்லாம் இடது கை ஒரு தட்டுக் கொடுத்தது. உள்ளே நெருப்புக்கு மேலே கட்டியிருந்த செங்கல் வளைவு சரிந்து கிருஷ்ணசாமியின் காலை அமுக்கியது அவருக்குத் தெரியாது. தட்டு நிற்காமல் வந்தது. அவர் எழுதிக்கொண்டே ஒரு தட்டுக் கொடுத்தார். மறுபடி வந்தது. மறுபடி ஒன்று. நான் இங்கேயே நிற்கிறேன், நீ வேலையைப் பார். எத்தனை முறை அப்படிச் சொன்னார் என்று எண்ணவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்தபோதுதான் தட்டு நின்று நேரமாகிவிட்டது என்று உறைத்தது.

விசாரணையில், உள்ளேயிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நம்பினார்கள். கிருஷ்ணசாமியின் பெண்டாட்டி ஷெட் வாசலுக்கு வந்து அவரைக் கும்பிட்டாள். கடைசி வரைக்கும் நகராமல் நின்றீர்களாமே சாமி என்றாள். அங்கே மரத்ததுதான்.

"அண்ணை, பாரி வாறார்" என்றார் தேவராஜா.

பாரி சங்கத்தின் செயலாளர், ஓய்வுபெற்ற பள்ளி வாத்தியார், வெள்ளைக்காரர். தலையில் ஒரு ரயில்காரத் தொப்பி. விஷயத்தை ஆங்கிலத்தில் மளமளவென்று கொட்டினார். பதினோரு டியூப் ஒழுகுகிறது, ஒவ்வொன்றிலும் சாக்பீஸால் அடையாளம் போட்டிருக்கிறது. இப்போதே இறுக்கினால் மாலையில் நெருப்பு மூட்டலாம், நாளைக்கு வண்டி ஓடும். தேவராஜா உள்ளே போகத் தயார். பரிசோதகர் சரி என்றால் போதும்.

தேவராஜா அதற்குள் இரண்டு உருளைக்கிழங்குச் சாக்குகளைப் பக்கெட்டில் முக்கி எடுத்து வந்திருந்தார். "கொழும்பிலை எத்தினை தரம் செய்தனான் அண்ணை. அரை மணித்தியாலம். நீங்கள் வெளியாலை நிண்டாக் காணும்."

ஒண்ணும் ஆகாது என்ற வார்த்தை ஈஸ்வரமூர்த்தியின் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

டக். டக். டக்.

இந்த முறை சத்தம் பக்கத்தில் கேட்டது. பாரி பேசிக்கொண்டே இருந்தார். தேவராஜா சாக்கைப் பிழிந்துகொண்டே இருந்தார். இரண்டு பேருக்கும் எதுவும் கேட்கவில்லை.

ஈஸ்வரமூர்த்தி சுத்தியலைக் கீழே வைத்தார். கை பதில் தட்டப் போனது. மற்றக் கையால் அதைப் பிடித்துக்கொண்டார்.

"சாக்கைக் கொடுங்க தேவராஜா. நான் போறேன்."

"என்ன கதை இது? நீங்கள் பரிசோதகர். உங்களுக்கு என்ன வயசு?"

"நாப்பத்தெட்டு. உங்க வீட்ல ஒன்பதாம் மாசம். கொடுங்க."

நாளைக்குப் பார்க்கலாம் என்று ஒரு சொல் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஏன் போகவில்லை என்று பிற்பாடு வேதவல்லி கேட்டாள். யாரோ பதிலுக்குக் காத்திருந்தார்கள் என்று மட்டும் சொன்னார். அது அவளுக்குப் புரிந்திருக்காது.

தேவராஜாவிடம் வழக்கத்தை விளக்கினார். மூன்றுக்கு ஒன்று. நிறுத்தாமல் வந்தால் இழுத்துவிட வேண்டும். "இந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. கையில வேற எதுவும் வச்சுக்கக் கூடாது" என்றார். தேவராஜா சுத்தியலை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு கதவுக்கு நேராக உட்கார்ந்தார்.

ஈஸ்வரமூர்த்தி காலை முதலில் விட்டு உள்ளே இறங்கினார்.

சூடு காதுக்குள் இரைந்தது. சாக்கிலிருந்து ஆவி எழும்பியது. தலைக்கு மேலே செங்கல் வளைவு. அதை ஒட்டி நகர்ந்து முன்சுவருக்குப் போய், டார்ச்சைச் சாய்த்து வைத்துவிட்டு முதல் டியூபில் கருவியைச் செருகி அடித்தார். கைக்குப் பழக்கம் மறக்கவில்லை. ஒன்று. இரண்டு. மூன்று. மூச்சு வாங்கியது. சுவரில் மூன்று தட்டுத் தட்டினார்.

டக், என்று பதில் வந்தது.

நாலாவது டியூபுக்குத் திரும்பும்போது வளைவிலிருந்து ஒரு செங்கல் கழன்றது. அதன் பின்னாலேயே நாலைந்து. கணுக்காலுக்கு மேலே விழுந்து அடியில் இருந்த சாம்பல் கம்பிகளோடு காலை இறுக்கிக்கொண்டன. இழுத்துப் பார்த்தார். வரவில்லை. அனல் தலைக்குமேல் ஏறிக்கொண்டே இருந்தது.

நிறுத்தாமல் தட்டினார்.

டக்.

ஒரே ஒரு தட்டு. அவசரமில்லாத தட்டு.

"தேவராஜா" என்று கத்தினார். குரல் செங்கல்லிலேயே செத்தது. மறுபடியும் தட்டினார், கை வலிக்கத் தட்டினார்.

டக்.

அந்தத் தட்டை அவருக்குத் தெரியும். வேறு எதிலோ கண்ணை வைத்துக்கொண்டு, எழுதுகிற கை எழுத, மற்றக் கை சும்மா கொடுக்கிற தட்டு. அது தேவராஜாவின் கை இல்லை.

அது அவருடைய கை.

நான் இங்கேயே நிற்கிறேன், நீ வேலையைப் பார்.

வெளியே இருபத்தாறு வயசில், தொடைமேல் தாளும் கையில் பென்சிலுமாக அவரே நிற்பதை அவர் பார்க்காமலே பார்த்தார். அவன் தாளை முடிக்கும் வரைக்கும் திரும்ப மாட்டான். அவனை அவருக்கு நன்றாகத் தெரியும். அப்போதுதான் இருபத்திரண்டு வருஷத்துக்குப் பிறகு பயம் வந்தது. சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

பக்கத்தில் யாரோ நகர்ந்தார்கள்.

டார்ச் வெளிச்சம் பட்டும் படாமலும் ஒரு முதுகு தெரிந்தது. ஈரச் சாக்குப் போர்த்திய முதுகு. முகம் சுவரைப் பார்த்திருந்தது. அவருக்கு அரையடி தூரத்தில் உட்கார்ந்து நாலாவது டியூபை அடித்துக்கொண்டிருந்தது. அடித்து முடித்து அடுத்ததற்குப் போனது.

"கிருஷ்ணசாமி."

அது திரும்பவில்லை.

"எல்லாம் கேட்டுச்சு கிருஷ்ணசாமி" என்றார். "ஒவ்வொரு தட்டும் கேட்டுச்சு. கேட்கலைன்னு எழுதிக் கொடுத்தேன். நீ தட்டினது எல்லாம் எனக்குக் கேட்டுச்சு."

அடிக்கும் சத்தம் ஒரு நொடி நின்றது. பிறகு தொடர்ந்தது.

வெளியே தட்டிய கை நின்றுவிட்டது. அவர் கணுக்கால்மேல் கிடந்த செங்கற்கள் ஒவ்வொன்றாக விலகின. விலக்கிய கை எதையும் அவர் பார்க்கவில்லை. இரண்டு கைகள் அவர் அக்குளுக்குள் நுழைந்து பின்னால் இழுத்தன. அவை தேவராஜாவின் கைகள்.

வெளியே வெயில் கண்ணைக் குத்தியது. தேவராஜா அவரைத் தரையில் கிடத்தி, சட்டையைக் கிழித்து, போத்தலை எடுத்து வாயில் வைத்தார்.

"ஏன் அண்ணை தட்டேல்லை? மூண்டு தட்டுத் தட்டினியள், நான் ஒண்டு தட்டினனான். அதுக்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. அசையிற மாதிரியும் தெரியேல்லை. அதுதான் உள்ளுக்கை வந்து இழுத்தனான்."

"எவ்வளவு நேரம்?"

"அஞ்சு நிமிசம் இருக்கும்."

"எத்தனை டியூப் முடிஞ்சிருக்குன்னு பாருங்க."

தேவராஜா டார்ச்சோடு தலையை உள்ளே விட்டுப் பார்த்தார். வெளியே வந்து மறுபடியும் பார்த்தார். சாக்பீஸ் அடையாளம் போட்ட டியூப் பதினொன்று. பதினொன்றும் விரித்து இறுக்கி, முனை வெள்ளி மாதிரி மின்னியது. ஈஸ்வரமூர்த்தி மூன்றுதான் அடித்திருந்தார். அதைத் தேவராஜாவிடம் சொன்னார்.

பாரிக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஐந்து நிமிஷத்தில் பதினோரு டியூப் என்று தன் ஆட்களைக் கூப்பிட்டுச் சொன்னார். படிவத்தையும் பேனாவையும் எடுத்துவந்து ஈஸ்வரமூர்த்தியின் மடியில் வைத்தார். கரியும் விறகும் தயாராக இருந்தன. ஒரு தொண்டர் எண்ணெய்த் துணியைக் கம்பில் சுற்றிக்கொண்டிருந்தார்.

படிவத்தில் இரண்டு கட்டங்கள். நெருப்பு மூட்டலாம் என்பது ஒன்று. கூடாது என்பது இன்னொன்று, அதற்குக் கீழே காரணம் எழுத ஒரு கோடு.

ஈஸ்வரமூர்த்தி இரண்டாவது கட்டத்தில் குறியிட்டார். காரணத்தை ஆங்கிலத்தில், பள்ளிக்கூடப் பையன் மாதிரி ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். உள்ளே ஓர் ஆள் இருக்கிறார். கீழே கையெழுத்துப் போட்டார். கன்னம் ஈரமாக இருந்தது, அவர் அதைத் துடைக்கவில்லை.

பாரி படித்தார். கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியாமல் சிரித்தார். வெயில் தலைக்கேறிவிட்டது, பாவம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று தேவராஜாவிடம் சொன்னார். நாளைக்கு இருநூறு பேர் வருகிறார்கள், திங்கட்கிழமை அலுவலகத்தோடு பேசிக்கொள்கிறேன், இப்போது நெருப்பைப் போடலாம் என்றார். எண்ணெய்த் துணி சுற்றியவர் தயங்கி நின்றார். அவருக்குக் காட்டுவதற்காகப் பாரி டார்ச்சை எடுத்துக்கொண்டு ஏறி, கதவு வழியே தோள் வரைக்கும் உள்ளே நுழைந்தார்.

"ஒருவருமே இல்லை" என்று அவர் குரல் இரும்புக்குள் முழங்கியது.

பிறகு அந்தக் குரல் நின்றது.

வானொலியில் யாரோ அவுட் ஆனார்கள். கூட்டம் கை தட்டியது. பாரியின் முதுகு அசையவில்லை. அவர் எதையோ காது கொடுத்துக் கேட்பவர்போல அப்படியே இருந்தார்.

மெல்ல வெளியே வந்தார். தொப்பி உள்ளே விழுந்திருந்தது, அவர் தேடவில்லை. படியில் உட்கார்ந்தார். எண்ணெய்த் துணிக்காரரைப் பார்த்து, வேண்டாம், கீழே வை என்று கையைக் காட்டினார்.

பாரிக்குத் தமிழில் ஒரு சொல்கூடத் தெரியாது. அன்று வரைக்கும் அந்த மொழியின் பெயரைக்கூட அவர் சரியாகச் சொன்னதில்லை.

ஈஸ்வரமூர்த்தியின் பக்கம் திரும்பி, ரொம்பத் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"'தண்ணி' என்றால் என்ன?"